மன்னிப்புக் கேட்ட நாவும் கைசேதப்பட்ட நெஞ்சும்



இந்த நேரத்தில் விளையாட்டைப் பற்றி என்ன பேச்சு என்று பெரியவர்கள் எண்ணக்கூடும். நம் பிள்ளைகளின் கண்கள் எங்கே பதிந்திருக்கின்றனவோ அங்கிருந்தே பேச்சைத் தொடங்குவது பொருத்தம் என்பது எனது எண்ணம். ஆகவே டாக்கா நகரின் மீர்பூர் மைதானத்திலிருந்து ஆரம்பிப்போம்.

2021 ஜூன் 11 ஆந் திகதி டாக்கா பிரீமியர் லீக் போட்டியொன்றில் முஹம்மடன் கழகமும் அபஹானி கழகமும் மோதின. பல தலைமுறைகளாகப் போட்டியிட்டு வரும் கழகங்கள் அவை. முஹம்மடன் அணியின் தலைவர் ஷகிப் அல் ஹசன். 2023 இல் டில்லியில் நமது அஞ்சலோ மெத்யூஸின் விக்கட்டை நேரம் கடந்ததாகக் கோரிப் பெற்றவர் அல்லவா என்று இளைஞர்கள் உடனே கேட்பீர்கள். அது விதிக்குட்பட்டு நடந்த வேறு விடயம். அதை இங்கே கலக்க வேண்டாம்.

ஷகிப் வீசிய பந்தொன்று முஷ்பிகுர் ரஹீமின் காலில் பட்டது. எல்பிடபிள்யூ என்று கேட்டார், நடுவர் மறுத்தார். கண்ணிமைக்கும் நேரத்தில் ஷகிப் ஸ்டம்புகளைக் காலால் உதைத்தார். அத்தோடும் கோபம் தணியவில்லை. அடுத்த ஓவர் முடிய ஒரு பந்தே எஞ்சியிருந்த வேளையில் மழைக்காக ஆட்டம் நிறுத்தப்பட்டதும், ஓடி வந்து மூன்று ஸ்டம்புகளையும் பிடுங்கி நிலத்தில் அடித்தார். மழை விட்ட பின் அவரது அணியே வென்றது. ஆனால் அந்த வெற்றியை இன்று யார் நினைவில் வைத்திருக்கிறார்கள்?

அன்றைய தினமே அவர் முகநூலில் மன்னிப்புக் கேட்டார். நிதானம் இழந்து அனைவருக்கும், குறிப்பாக வீட்டிலிருந்து பார்த்தவர்களுக்கு, ஆட்டத்தைக் கெடுத்துவிட்டதாகவும், அனுபவமுள்ள தம்மைப் போன்ற ஒருவர் அவ்வாறு நடந்திருக்கலாகாது என்றும் எழுதினார். அணிகளிடமும் போட்டி அதிகாரிகளிடமும் மன்னிப்புக் கோரி, இனி இவ்வாறு நிகழாது என்ற நம்பிக்கையையும் தெரிவித்தார். மூன்று போட்டிகளுக்குத் தடையும் ஐந்து இலட்சம் டாக்கா தண்டப்பணமும் விதிக்கப்பட்டன.

இளைஞர்களே, "நடுவர் பிழை செய்திருந்தால் என்ன செய்வது?" என்ற கேள்வி உங்கள் உள்ளத்தில் எழும். நியாயமான கேள்விதான். அந்நாட்டின் உள்ளூர்ப் போட்டிகளில் நடுவர்களின் தீர்ப்புகள் குறித்து நெடுங்காலமாகவே குறை கூறப்பட்டு வந்தது. ஆயினும் தமது மன்னிப்பில் அந்த நியாயத்தை அவர் கேடயமாகப் பிடிக்கவில்லை. "நான் செய்தது பிழைதான், ஆனால்..." என்று தொடங்கும் மன்னிப்பை நாம் வீட்டிலும் கடையிலும் பள்ளிவாசல் நிருவாகக் கூட்டத்திலும் கேட்டுப் பழகியவர்கள். அந்த 'ஆனால்' வந்தவுடன் மன்னிப்பு வழக்காக மாறிவிடுகிறது.

இதற்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன், 2006 ஜூலை 9 ஆந் திகதி, பேர்லின் நகரில் உலகக் கிண்ண உதைபந்தாட்ட இறுதிப் போட்டி நடந்தது. அல்ஜீரியாவிலிருந்து குடியேறிய பெற்றாருக்குப் பிரான்ஸில் பிறந்த சினதின் சிடானுக்கு அதுவே கடைசிப் போட்டி. 110 ஆவது நிமிடத்தில் இத்தாலிய வீரர் மார்க்கோ மட்டராஸியின் மார்பில் தலையால் மோதி, சிவப்பு அட்டை பெற்று வெளியேறினார். பெனால்டி உதைகளில் இத்தாலி 5க்கு 3 என வென்றது.

மூன்று நாட்களின் பின் அவர் தொலைக்காட்சியில் தோன்றினார். தாயையும் சகோதரியையும் இழித்துப் பேசியதைப் பொறுக்க முடியவில்லை என்றார். பார்த்துக்கொண்டிருந்த சிறுவர்களிடம் மன்னிப்புக் கேட்டார். ஆனால், செய்ததற்காக வருந்தவில்லை என்றும் சொன்னார். வருந்தினால் அந்த வசைமொழி சரியென்று ஆகிவிடுமாம். தமது தலை மோதிய அந்த மனிதரிடம் மன்னிப்புக் கேட்பதில்லை என்று 2010 இலும் உறுதியாகக் கூறினார்.

தாயைத் திட்டினால் யாருக்கும் இரத்தம் கொதிக்கும். உம்மாவின் காலடியைப் பற்றிக் கேட்டு வளர்ந்த நமக்கு அது நன்றாகவே புரியும். உலக உதைபந்தாட்டச் சம்மேளனமும் இருவரையுமே தண்டித்தது: சிடானுக்கு மூன்று போட்டித் தடையும் 7500 சுவிஸ் பிராங்கும், வசை பேசியவருக்கு இரண்டு போட்டித் தடையும் 5000 பிராங்கும். ஒருவனின் நாவு செய்த குற்றம் மற்றவனின் தலை செய்த குற்றத்தை அழிக்கவில்லை.

கைசேதப்படுதல், பாவத்தை விடுதல், மீண்டும் அதன்பால் செல்வதில்லை என்று உறுதி கொள்ளுதல் ஆகியவற்றைத் தௌபாவின் நிபந்தனைகளாக மார்க்க அறிஞர்கள் கூறுவர். அடியாரின் உரிமை பாதிக்கப்பட்டிருந்தால் அவரிடமே அதைத் தீர்க்க வேண்டும் என்பது மேலதிக நிபந்தனை. இந்த அளவுகோலை வைத்துப் பாருங்கள். சிடானின் மன்னிப்பில் கைசேதம் இல்லை. உரியவரிடம் அது போய்ச் சேரவுமில்லை. ஷகிபின் மன்னிப்பில் கைசேதம் இருந்தது. ஆனால் 2023 ஜனவரியில், பங்களாதேஷ் பிரீமியர் லீக்கில், வைட் பந்து கொடுக்கவில்லை என்று நடுவரை நோக்கி அவர் மறுபடியும் கத்தினார். உறுதி அங்கே தளர்ந்தது.

அப்படியானால் 2021 இல் கேட்டது பொய்யா? அவ்வாறு தீர்ப்புச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கோபம் ஒரே நாளில் விலகும் நோயன்று. வீரத்தை மல்யுத்தத்தில் தேடியவர்களுக்கு, கோப வேளையில் தேடுமாறு நபி (ஸல்) அவர்கள் கற்பித்தார்கள். நிற்பவர் உட்காரட்டும், அப்போதும் தணியாவிட்டால் படுக்கட்டும் என்று வழியும் காட்டினார்கள். உடம்பைக் கொண்டு உள்ளத்தை அடக்கும் பயிற்சி இது. பந்தைச் சுழற்றப் பல்லாண்டு பழகும் வீரன் இதற்கென ஒரு நாளாவது பழகுகிறானா?

பெற்றோர்களே, உங்களிடம் ஒன்று. உறவினர் நிறைந்த சபையில் மகனை ஏசிவிட்டு, பின்னர் அவன் செய்யாத குற்றம் அது என்று அறிந்துகொண்டால் என்ன செய்கிறோம்? இரவில் அவனுக்குப் பிடித்த சாப்பாட்டை வாங்கி வந்து வைக்கிறோம். அவன் சாப்பிடுவான், நாம் மன்னிக்கப்பட்டதாக நினைத்துக்கொள்வோம். அடுத்த முறை அதே உறவினர்கள் கூடியிருக்கும்போது, "மகனே, அன்று நான் ஏசியது பிழை" என்று அவர்கள் காதுபடச் சொல்லுங்கள். அன்றைய ஏச்சைக் கேட்ட சாச்சாவும் மாமியும் அதையும் கேட்கட்டும்.