நாயின் தடுப்பூசி அட்டை
(பொரளையில் கமக்காரரிடையே நிகழ்த்திய பேச்சு)



நெல்வயலையும் மரக்கறித் தோட்டத்தையும் இரவிற் காவல்புரிவது உங்கள் நாய். அதற்குரிய பத்திரங்களைப் பேணி வருகின்றீர்களா? 1901ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க நாய்கள் பதிவுக் கட்டளைச் சட்டத்தின்படி வளர்ப்பு நாயை உள்ளூராட்சி மன்றத்திற் பதிதல் வேண்டும். விசர்நோய்த் தடுப்பூசி ஏற்றியதும் தரப்படும் அட்டையையும் பத்திரப்படுத்தல் வேண்டும்.

இவை வீண் கடதாசிகள் அல்ல. உங்கள் நாய் ஒரு பிள்ளையைக் கடித்துவிட்டால், உடனே காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவுங்கள். தாமதியாது ஆஸ்பத்திரிக்குச் செல்லுங்கள். அட்டையையும் கொண்டு செல்லுங்கள். நாய்க்கு எத்தனை முறை, எந்நாளில் ஊசி ஏற்றப்பட்டது என்பதை வைத்தியர் அதிலிருந்தே அறிவார். வாய்ச்சொல் அதற்கு ஈடாகாது. அட்டை இல்லாவிடினும் செல்லத் தவறாதீர்கள்; விசர்நோய் தோன்றியபின் உயிர் பிழைத்தல் மிக அரிது.

நாயை அடித்துக் கொல்லாதீர்கள். கட்டிவைத்து, உணவும் நீரும் கொடுத்து, 14 நாட்கள் கவனியுங்கள். நோய்க்குறி தோன்றினாலோ, நாய் இறந்தாலோ, வைத்தியருக்கும் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் உடனே அறிவியுங்கள். இறந்த நாயின் தலையைப் பனிக்கட்டியில் வைத்து, இங்கே பொரளையிலுள்ள வைத்திய ஆராய்ச்சி நிலையத்திற்குப் பரிசோதனைக்கு அனுப்பலாம். அப்போதும் நாயின் விபரங்களைக் கேட்பார்கள். அட்டை அங்கும் உதவும்.

விதைநெல் வாங்கிய பற்றுச்சீட்டை நீங்கள் பெட்டியில் வைக்கின்றீர்கள். இவ்வட்டையையும் அதனுடன் வையுங்கள். ஆண்டுதோறும் ஊசி ஏற்றிய திகதியை அதிற் பதிவித்துக்கொள்ளுங்கள். அது உங்கள் பிள்ளையையும் நாயையும் ஒருங்கே காக்கும்.