பல்கலைக்கழகச் சபையில் பேசுவது யார்?

(கீழப்பாவூரில் நடைபெற்ற கல்வி விழிப்புணர்வுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்கு முன்னால் பேசியவர்கள் பிள்ளைகளைப் படிக்க வையுங்கள் என்று வலியுறுத்தினார்கள். அதை நான் திரும்பச் சொல்லப் போவதில்லை. நம் ஊரில் பீடி சுற்றியாவது மகளைக் குற்றாலம் பராசக்தி கல்லூரிக்கும், மகனைச் சுரண்டை அரசுக் கல்லூரிக்கும் அனுப்புகிற தாய்மார்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அந்தப் பிள்ளை எந்தப் புத்தகத்தைப் படிக்க வேண்டும், எவ்வளவு கட்டணம் கட்ட வேண்டும், என்றைக்குப் பரீட்சை எழுத வேண்டும் என்பதையெல்லாம் முடிவு செய்கிற ஓர் அறை இருக்கிறது. அந்த அறையைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

இங்கிருந்து திருநெல்வேலிக்குப் போகிற வழியில் அபிஷேகப்பட்டியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தைப் பார்த்திருப்பீர்கள். பெரியவர்களுக்கு நினைவிருக்கும். 1966 வரை நெல்லைச் சீமையின் கல்லூரிகள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தன. பிறகு மதுரையின் கீழ் வந்தன. ஒரு சான்றிதழில் பெயர் பிழையாகிவிட்டால் மதுரைக்கு பஸ் ஏற வேண்டும், அங்கே ஒரு ராத்திரி தங்க வேண்டும். 1990ல் சட்டம் இயற்றி நமக்கென்று ஒரு பல்கலைக்கழகம் தந்தார்கள். நெல்லை, தென்காசி, தூத்துக்குடி, குமரி ஆகிய நான்கு மாவட்டங்களின் கல்லூரிகள் இன்று அதன் கீழ் வருகின்றன. பாளையங்கோட்டையில் 1971ல் தொடங்கிய நம் சதக்கத்துல்லாஹ் அப்பா கல்லூரியும் அதில் ஒன்று.

சரி, இந்தப் பல்கலைக்கழகத்தை நடத்துவது யார்? வேந்தர் ஆளுநர், நிர்வாகத் தலைமை துணைவேந்தர் என்று எல்லாரும் சொல்லிவிடுவார்கள். அத்தோடு முடிந்துவிட்டது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். செனட் என்று ஒரு பேரவை இருக்கிறது. சிண்டிகேட் என்று ஓர் ஆட்சிக்குழு இருக்கிறது. கல்விசார் நிலைக்குழு இருக்கிறது. ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு பாடத்திட்டக் குழு இருக்கிறது. சிண்டிகேட்டில் அரசுச் செயலாளர்களும் இருப்பார்கள், வேந்தர் நியமித்தவரும் இருப்பார். ஆனால் செனட்டுக்கும் சிண்டிகேட்டுக்கும் பேராசிரியர்களும் போகிறார்கள். சிலர் பதவி வழியாகப் போகிறார்கள், சிலர் கல்லூரி ஆசிரியர்களின் வாக்கு வாங்கிப் போகிறார்கள். மூட்டா என்கிற ஆசிரியர் சங்கத்தைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். இந்தத் தேர்தல்களில் அவர்கள் வேட்பாளர்களை நிறுத்தி, வாக்குக் கேட்டு, வெற்றி பெற்றுப் போயிருக்கிறார்கள். நம் சமுதாயப் பேராசிரியர்களில் எத்தனை பேர் அந்த வாக்குச்சீட்டை அக்கறையோடு கையில் எடுக்கிறீர்கள்? நான் குற்றம் சொல்லவில்லை, கேட்கிறேன்.

அந்த அறைக்குள் என்ன நடக்கும் என்பதற்கு நம் பல்கலைக்கழகத்திலேயே ஓர் உதாரணம் உண்டு. அருந்ததி ராய் எழுதிய ‘வாக்கிங் வித் தி காம்ரேட்ஸ்’ என்ற நூல் 2017லிருந்து எம்.ஏ. ஆங்கிலப் பாடத்தில் இருந்தது. மத்திய இந்தியக் காடுகளில் மாவோயிஸ்டுகளோடு பயணம் செய்து எழுதிய நூல் அது. மூன்று வருடம் வகுப்பறையில் நடத்தினார்கள், பரீட்சையும் வைத்தார்கள். 2020 நவம்பரில் ஏ.பி.வி.பி. அமைப்பு புகார் கொடுத்தது. கல்வித்துறைத் தலைகளும் பாடத்திட்டக் குழுவினரும் அடங்கிய குழு கூடியது. புத்தகம் போய்விட்டது. அந்த இடத்தில் மா. கிருஷ்ணனின் இயற்கைக் கட்டுரைகளை வைத்தார்கள்.

கிருஷ்ணன் நெல்லையில் பிறந்தவர், காட்டையும் பறவையையும் பற்றி அருமையாக எழுதியவர். அவரைப் படிப்பதில் எந்தக் குறையும் இல்லை. அருந்ததி ராய் சொல்வதையெல்லாம் நான் ஏற்கிறேன் என்றும் யாரும் எழுதிவிட வேண்டாம். ஆயுதம் ஏந்துகிறவர்களின் வழி நம் வழியல்ல. ஆனால் என் கேள்வி வேறு. அந்தப் புத்தகத்தைப் பாடமாக வைத்ததும் பேராசிரியர்கள்தான், எடுக்கலாம் என்று பரிந்துரைத்ததும் பேராசிரியர்கள்தான். மூன்று வருடம் மாணவருக்குத் தகுதியாக இருந்த நூல் ஒரு புகார் மனு வந்ததும் எப்படித் தகுதி இழந்தது? நூலில் பிழை இருந்தால் முதலில் வைத்தபோது ஏன் சொல்லவில்லை? பிழை இல்லையென்றால் எடுக்கும்போது ஏன் எடுத்தார்கள்? இன்றைக்கு ராயின் புத்தகம். நாளைக்கு வரலாற்றுப் பாடத்தில் ஒரு திப்பு சுல்தான் அத்தியாயத்தின் மீது மனு வந்தால், அந்த மேசையில் உட்கார்ந்திருப்பவர் என்ன சொல்வார்? அதற்கு இப்போதே தயாராக இருக்கிறாரா?

நாற்காலிக்கு இவ்வளவு மதிப்பா என்று சிலர் கேட்கலாம். அலிகரைப் பாருங்கள். அங்கே ‘கோர்ட்’ என்பது நீதிமன்றமல்ல, பல்கலைக்கழகத்தின் உச்ச சபை. 1920 சட்டப்படி அதில் முஸ்லிம்கள் மட்டுமே உறுப்பினர்கள். 1951ல் அந்த விதியை நீக்கினார்கள். 1965ல் அந்தச் சபையின் அதிகாரத்தையே பறித்து, ஆலோசனை சொல்கிற கூட்டமாக்கினார்கள். அதை எதிர்த்துப் போனதுதான் அஜீஸ் பாஷா வழக்கு. 1967ல் உச்ச நீதிமன்றம், இதை நிறுவியது முஸ்லிம் சமுதாயமே அல்ல, நாடாளுமன்றச் சட்டம் என்று சொல்லிவிட்டது. 1981ல் சட்டத்தைத் திருத்தி, சபைக்கு மீண்டும் உச்ச இடத்தைக் கொடுத்தார்கள். 2024 நவம்பர் 8 அன்று ஏழு நீதிபதிகள் அமர்வு நான்குக்கு மூன்று என்ற கணக்கில் அஜீஸ் பாஷா தீர்ப்பைத் தள்ளுபடி செய்தது. சிறுபான்மைத் தகுதி உண்டா என்ற இறுதி முடிவை வேறு அமர்வுக்கு விட்டது. இத்தனை வருடப் போராட்டம் எங்கே தொடங்கியது? சபையில் யார் உட்காருவது, உட்கார்ந்தவருக்கு என்ன அதிகாரம் என்பதில் தொடங்கியது.

ஆலிம்கள் நமக்கு இது புதிதல்ல. தேவ்பந்த் தாருல் உலூமையும் ஒரு ஷூராதான் நடத்துகிறது. குர்ஆனில் ஷூரா என்ற பெயரிலேயே ஓர் அத்தியாயம் உண்டு. பத்ருப் போருக்கு முன் நபி (ஸல்) அவர்கள் ஓரிடத்தில் முகாமிட்டார்கள். ஹுபாப் இப்னுல் முன்திர் (ரலி) அவர்கள் வந்து, இந்த இடம் இறைவனின் கட்டளையா, அல்லது போர்த் தந்திரமாக எடுத்த முடிவா என்று கேட்டார்கள். தந்திரம்தான் என்று பதில் வந்ததும், அப்படியானால் தண்ணீருக்குப் பக்கத்தில் போய்விடுவோம் என்று யோசனை சொன்னார்கள். நபியவர்கள் இடத்தை மாற்றினார்கள். அல்லாஹ்வின் தூதருக்கு முன்னால் மரியாதையோடு வாய் திறக்க முடிந்தது. ஒரு துணைவேந்தருக்கு முன்னால் நம்மவருக்கு ஏன் தொண்டை அடைக்கிறது?

இதைச் சொல்கிற எனக்கும் அந்தத் தொண்டை அடைப்பு வந்திருக்கிறது. சில வருடங்களுக்கு முன் ஒரு ஜமாஅத்தின் நிர்வாகக் குழுவில் நான் இருந்தேன். மூன்று வருடம். கூட்டத்துக்குப் போவேன், பதிவேட்டில் கையெழுத்துப் போடுவேன், டீயும் வடையும் சாப்பிடுவேன், வந்துவிடுவேன். ஒரு விதவைப் பெண்ணின் மகனுக்குக் கல்லூரிக் கட்டணம் கேட்டு மனு வந்தது. அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம் என்றார்கள். நானும் தலையாட்டினேன். அடுத்த கூட்டம் வருவதற்குள் கல்லூரியில் கடைசித் தேதி முடிந்துவிட்டது. பையன் திருப்பூருக்கு பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டான். அந்தப் பதிவேட்டில் என் கையெழுத்து இன்றைக்கும் இருக்கிறது. இரண்டு வார்த்தை பேசியிருந்தால் போதும். பேசவில்லை.

ஆகவே பேராசிரியர்களே, உங்களிடம் ஆவேசத்தைக் கேட்கவில்லை. கோப்பைப் படித்துவிட்டுப் போங்கள் என்று கேட்கிறேன். 2007ல் தமிழக அரசு கல்வியிலும் வேலையிலும் முஸ்லிம்களுக்கு மூன்றரை சதவிகிதம் தனியாக ஒதுக்கியது. ஆசிரியர் நியமனக் கோப்பு சிண்டிகேட்டுக்கு வரும்போது, இனச்சுழற்சிப் பட்டியலில் அந்த இடம் எந்த வரிசையில் வருகிறது என்று ஒருவர் கேட்டால் போதும், பதில் குறிப்பேட்டில் ஏறிவிடும். கேட்காவிட்டால் எதுவும் ஏறாது. பரீட்சைக் கால அட்டவணை போடும்போது, பெருநாள் பிறையைப் பொறுத்து ஒரு நாள் முன்பின் ஆகும் என்று சொல்ல ஒருவர் வேண்டும். அட்டவணை போடுகிறவருக்கு அது தெரியாமலிருக்கலாம், அது அவர் குற்றமல்ல. சுயநிதிப் பிரிவில் சொற்பச் சம்பளத்துக்கு வேலை பார்க்கும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். நம்மவர் நடத்தும் கல்லூரிகளிலும் இருக்கிறார்கள் என்பதை வெட்கத்தோடு சொல்கிறேன். அவர்களுக்காகவும் பேசுங்கள், அது நம் தாளாளர்களுக்குப் பிடிக்காவிட்டாலும் பேசுங்கள். முஸ்லிம் வாக்கில் மட்டும் யாரும் செனட்டுக்குப் போக முடியாது. ஆலங்குளத்துப் பிள்ளைக்கும் சங்கரன்கோவில் பிள்ளைக்கும் சேர்த்துப் பேசுகிறவரைத்தான் மற்ற ஆசிரியர்களும் நம்பி வாக்களிப்பார்கள்.

ஊர் மக்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. எம்.எல்.ஏ. வந்தால் ரோடு என்னாச்சு, குளம் என்னாச்சு என்று மறித்துக் கேட்கிறோம் அல்லவா? அதைப் போலத்தான் இதுவும். செனட் கூட்டம் முடிந்து நம் பேராசிரியர் தென்காசி பஸ்ஸில் வருவார். பாவூர்சத்திரத்தில் இறங்கச் சொல்லுங்கள். இஷாவுக்குப் பிறகு ஓர் அரைமணி நேரம் இதே இடத்தில் உட்காருவோம். என்ன பொருள் வந்தது, நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று கேட்போம். முதல் கூட்டத்துக்கு டீச் செலவு என்னுடையது.

அடுத்துப் பேச வேண்டிய சகோதரர் காத்திருக்கிறார். வஸ்ஸலாம்.