அளப்பவர் அறியாதிருக்க வேண்டியது



பக்கவாதம் குறித்த கருத்தரங்குகளில் மூலக்கூறுகளும் மருந்துகளும் படக்கருவிகளும் பேசப்படும் அளவுக்கு, அவற்றைக் கையாளும் மனிதர்கள் பேசப்படுவதில்லை. புனே நகரில் கூடியுள்ள இந்த அவை, பல்கலைக்கழகப் பக்கவாத ஆய்வகத்தில் பணிபுரிவோரையே பொருளாக எடுத்துக்கொண்டிருப்பது வழக்கத்துக்கு மாறானது, ஆயினும் அவசியமானது. இத்துறை கண்ட தோல்விகளில் கணிசமான ஒரு பகுதிக்கு, மருந்தின் வேதியியலைவிட ஆய்வகத்தின் வேலைப்பங்கீடே காரணம் என்று கருத இடமிருக்கிறது.

மூளைக்குச் செல்லும் ரத்தக்குழாய் அடைபடுவதாலோ வெடித்துக் கசிவதாலோ மூளையின் ஒரு பகுதி செயலிழப்பதே பக்கவாதம். அடைப்பினால் வரும் வகையை ஆய்வகத்தில் உருவாக்க, மயக்கமூட்டப்பட்ட எலியின் கழுத்துத் தமனி வழியாக நுனி மழுங்கிய மெல்லிய நைலான் இழையைச் செலுத்தி, மூளையின் நடுத்தமனி தொடங்கும் இடத்தை அடைப்பது 1980களிலிருந்து வழக்கத்தில் உள்ளது. பின்னர் ஏறக்குறைய இரண்டு கிராம் எடையுள்ள அந்த மூளையை இரண்டு மில்லிமீட்டர் தடிப்புள்ள வில்லைகளாக அரிந்து, டெட்ரசோலியம் என்னும் உப்பின் கரைசலில் ஊறவைக்கிறார்கள். உயிருள்ள திசுவின் நொதிகள் அக்கரைசலைச் சிவப்பாக்க, இறந்த திசு வெளிறியபடியே இருந்துவிடுகிறது. எஞ்சுவது, சிவப்புக்கும் வெண்மைக்கும் இடையே கணினித் திரையில் ஒருவர் கையால் வரையும் ஒரு கோடுதான். எல்லை எப்போதும் தெளிவாக இருப்பதில்லை. இளஞ்சிவப்பாக மங்கி வரும் ஓர் ஓரத்தை எந்தப் பக்கம் சேர்ப்பது என்று அங்கே அமர்ந்திருப்பவர் முடிவு செய்கிறார். எந்த எலிக்கு மருந்து தரப்பட்டது என்பது அவருக்குத் தெரிந்திருந்தால், எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும், கை சற்றே சாய்ந்துவிடும்.

இச்சாய்வின் விலை சிறிதன்று. 2006இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு, பக்கவாதத்துக்கெனப் பரிசோதிக்கப்பட்ட 1,026 சிகிச்சைகளைக் கணக்கெடுத்தது. விலங்குகளில் நம்பிக்கை தந்தவை பல இருந்தும், மூளைச் செல்களைக் காப்பதாகச் சொல்லப்பட்டவற்றில் ஒன்றும் மனிதரில் நிலைபெறவில்லை. என்எக்ஸ்ஒய்-059 என்ற மருந்தின் கதை இன்னும் தெளிவான பாடம். விலங்காய்வுகளின் தரத்தை நெறிப்படுத்த 1999இல் வகுக்கப்பட்ட ஸ்டேர் பரிந்துரைகளின் தேவைகளை நிறைவு செய்ததாகவே கருதப்பட்ட அம்மருந்து, மூவாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகள் பங்கேற்ற இரண்டாவது பெருஞ்சோதனையில் 2007இல் பயனற்றதாயிற்று. பழைய எலி ஆய்வுகளை மறுபடி அலசியபோது, குலுக்கல் முறையில் எலிகளைப் பிரிக்காத ஆய்வுகளிலும், அளப்பவருக்கு விவரம் மறைக்கப்படாத ஆய்வுகளிலும் மருந்தின் பலன் பெரிதாகத் தோன்றியிருந்தது தெரிய வந்தது.

விவரத்தை மறைக்க வேண்டுமென்றால் மறைப்பவர் ஒருவர், அறியாதிருப்பவர் வேறொருவர் என்று குறைந்தது இருவர் வேண்டும். சிறிய பல்கலைக்கழக ஆய்வகங்களில் இடறல் நிகழ்வது இங்கேதான். அறுவையைச் செய்பவரும், மருந்தைச் செலுத்துபவரும், மறுநாள் எலியின் நடையை மதிப்பிடுபவரும், வில்லைகளை அளப்பவரும், கட்டுரையை எழுதுபவரும் பெரும்பாலும் ஒரே முனைவர் பட்ட மாணவர்தான். இழையைச் செலுத்தும் கைப்பக்குவம் வரப் பல மாதங்களாகும். சற்று ஆழமாகப் போனால் குழாய் கிழியும், குறைவாகப் போனால் அடைப்பே ஏற்படாது. அப்பக்குவம் கைவரும் வேளையில் உதவித்தொகைக் காலம் முடிவதை நெருங்கிவிடுகிறது, ஆய்வேடு ஒப்படைக்கப்பட்டதும் அக்கை வேறு ஊருக்குப் போய்விடுகிறது, அடுத்து வருபவர் முதலிலிருந்து தொடங்குகிறார். 2023 முதல் இளநிலை ஆய்வாளருக்கு மாதம் 37,000 ரூபாய் என்று உதவித்தொகை உயர்த்தப்பட்டது வரவேற்கத்தக்கதே. ஆனால் திறமையை ஆய்வகத்தில் நிறுத்திவைக்கும் நிரந்தரத் தொழில்நுட்பப் பணியிடங்களுக்கு அது ஈடாகாது.

விலங்குக் கூடத்தின் பணியாளர் பற்றியும் ஒரு சொல். அடைப்பு ஏற்படுத்தப்பட்ட எலி ஒருபக்கமாகவே சுற்றிச் சுற்றி வரும். வாலைப் பிடித்துத் தூக்கினால் ஒரு முன்னங்கால் மடங்கிக்கொள்ளும். உணவை மென்று தின்ன இயலாமல் எடை குறையும். காலையில் கூண்டைத் திறந்து, உமியை மாற்றி, உணவைக் குழைத்து வைப்பவர் இவற்றை ஆய்வாளருக்கு முன்பே காண்கிறார். எந்த எலிக்கு என்ன கொடுக்கப்பட்டது என்பதும் அவருக்குத் தெரியாது. ஆகவே ஆய்வகத்தின் மிக நடுநிலையான கண் அவருடையதே. அவருடைய பெயர் கட்டுரையின் நன்றியுரையில்கூட இடம்பெறுவது அரிது; அவர் கண்டது குறிப்பேட்டில் ஏறுவது அதனினும் அரிது.

இவ்விவாதத்துக்குப் புனே பொருத்தமான களம். ரத்தக்கட்டியைக் கரைக்கும் அல்டிப்ளேஸ் மருந்தை, பக்கவாதம் தொடங்கிய மூன்று மணி நேரத்துக்குள் கொடுத்தால் பயனுண்டு என்று அமெரிக்கச் சோதனை ஒன்று 1995இல் நிறுவியது. அம்மருந்தை ஒரு மணி நேரம் சொட்டுச் சொட்டாக ஏற்ற வேண்டும். அதன் மாற்றுருவான டெனெக்டிப்ளேஸை ஒரே ஊசியாகச் செலுத்திவிடலாம் என்பதால், நோயாளியை வேறு மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டிய இடங்களில் அது பெரிதும் உதவுகிறது. இந்திய மருத்துவமனைகளில் பக்கவாதத்துக்குப் பயன்படும் டெனெக்டிப்ளேஸை உருவாக்கிய ஜென்னோவா நிறுவனம் இந்நகரைச் சேர்ந்தது. நாட்டின் ஆய்வகங்களுக்குச் செல் வளர்ப்புகளை வழங்கும் தேசிய செல் அறிவியல் மையம் இங்குள்ள பல்கலைக்கழக வளாகத்திலேயே இயங்குகிறது; நோயாளிகளோ ரயில் நிலையத்தை அடுத்த சசூன் மருத்துவமனைக்கு வருகிறார்கள். மருந்தும் செல்லும் நோயாளியும் ஒரே ஊரில் இருந்தும், இம்மூவிடத்துப் பணியாளர்கள் ஒருவரையொருவர் சந்திக்க ஒரு மேசை அமைவது எளிதாக இல்லை.

மருத்துவமனைசார் ஆய்வில், அளப்பவருக்கு விவரத்தை மறைக்கும் ஒழுக்கத்தை இந்தியா கடைப்பிடிக்க முடியும் என்று ஏற்கெனவே காட்டியிருக்கிறது. குடும்பத்தாருக்கே மறுவாழ்வுப் பயிற்சி அளிக்கும் அட்டெண்ட் சோதனை, 14 மருத்துவமனைகளில் 1,250 நோயாளிகளைச் சேர்த்து 2017இல் முடிவை வெளியிட்டது. ஆறு மாதத்துக்குப் பின் மதிப்பிட்டவர்களுக்கு யார் எந்தக் குழு என்பது தெரியாது. இறந்தோரும் பிறரைச் சார்ந்திருந்தோரும் இரு குழுவிலும் 47 விழுக்காடு என்றே வந்தது. அதையடுத்து, லூதியானாவின் ஜெயராஜ் துரை பாண்டியன் தலைமையில், 31 மையங்களில் 12 மொழிகளில் குறுஞ்செய்தியும் காணொளியும் கையேடும் வழங்கிய ஸ்பிரிண்ட் இந்தியா சோதனை, நாலாயிரத்துக்கும் மேற்பட்டோரைச் சேர்த்தபின் பலன் இல்லை என்று 2023இல் அறிவித்தது. விரும்பிய விடை வராதபோது அதை அப்படியே அச்சேற்ற முடிந்ததற்கு, மதிப்பிடுவோரைத் தனியே நிறுத்திய ஏற்பாடும், ஊர் ஊராகத் தொலைபேசியில் நோயாளிகளைத் தொடர்ந்த ஒருங்கிணைப்பாளர்களின் உழைப்புமே காரணம்.

எலி ஆய்வகங்களுக்கும் இதே ஏற்பாடு எட்டாததன்று. ஓர் ஆய்வகத்தின் வில்லைப் படங்களைக் குறியெண் மட்டும் இட்டு, அதே ஊரிலுள்ள வேறோர் ஆய்வகத்தின் மாணவர் அளந்து தரலாம். கைம்மாறாக அவர்களுடையதை இவர்கள் அளக்கலாம். குறியெண் பட்டியலை யார் பூட்டி வைப்பது, அளந்து கொடுத்தவரின் பெயரைக் கட்டுரையில் எங்கே சேர்ப்பது, விலங்குக் கூடப் பணியாளரின் அன்றாடக் குறிப்பை ஆய்வுத் தரவாக ஏற்பதா என்ற மூன்று கேள்விகளுடன் முதல் அமர்வு தொடங்குகிறது.