கணக்குப் பார்ப்பவருக்குப் படி அளப்பது யார்?

(கிளைக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



பால் ஸ்டோரில் தராசு யார் கையில் இருக்கிறது என்று கேட்க நமக்குத் தெரியும். அந்தத் தராசைச் சரிபார்க்க வருகிறவருக்குப் பஸ் செலவு கொடுப்பது யார் என்று நாம் கேட்பதில்லை. இன்று அதைத்தான் பேச வந்திருக்கிறோம்.

நம் கிளையின் கணக்குப் பரிசோதகரைப் பொதுக்கூட்டம் தேர்ந்தெடுக்கிறது. அவருடைய பிரயாணப் படியையும் அதே கூட்டம்தான் நிர்ணயிக்கிறது. நம் பொருளாளர் தங்கமான மனிதர். ஆனாலும் தம் புத்தகத்தைப் புரட்ட வருகிறவருக்குப் படி அளக்கும் வேலையை அவரிடமே விடுவோமா?

நாட்டுக் கணக்குக்கு வருவோம். அரசியல் சட்டத்தின் 105-வது பிரிவு தலைமைக் கணக்காய்வாளரை ஏற்படுத்துகிறது. கூட்டரசின் கணக்கோடு நம் நெகிரி செம்பிலான் மாநிலக் கணக்கையும் பார்ப்பவர் அவரே. உச்ச நீதிபதிகளை நீக்கும் முறைப்படி அல்லாமல் அவரை நீக்க முடியாது. அவர் சம்பளம் நாட்டின் பொதுப் பெட்டியிலிருந்து நேரே வருகிறது. ஆண்டுதோறும் ஓட்டுக்கு விட்டு அதை வெட்ட இயலாது. நல்ல ஏற்பாடுதான்.

ஆனால் அந்தப் பாதுகாப்பு ஒருவருடைய சம்பளத்துக்கு மட்டுமே. கணக்குப் பார்ப்பது ஒருவர் செய்து முடிக்கிற வேலையா? அவர் இலாகாவின் ஆட்கள், பிரயாணம், இதரச் செலவு எல்லாம் மற்ற இலாகாக்களைப் போலவே நிதியமைச்சின் வரவு செலவுத் திட்டத்துக்குள் வரவேண்டியிருக்கிறது. நிதியமைச்சின் கணக்கையும் அவர்தானே பார்க்கிறார்!

இந்தியாவின் அரசியல் சட்டம், 148-வது பிரிவில், கணக்காய்வு அலுவலகத்தின் நிர்வாகச் செலவு முழுவதையும், சிப்பந்திகளின் சம்பளம், பென்ஷன் உட்பட, பொதுப் பெட்டியின் பொறுப்பாக்கிவிட்டது. பிரிட்டனில் 1983-ம் ஆண்டுச் சட்டப்படி பாராளுமன்ற உறுப்பினர்களின் குழு ஒன்று கணக்காய்வு அலுவலகத்தின் செலவு மதிப்பீட்டைப் பரிசீலித்துச் சபையில் வைக்கிறது. கேட்ட பணமெல்லாம் கொடுத்தால் கணக்கர் ஊதாரியாகிவிடமாட்டாரா என்று ஒரு தோழர் கேட்டார். நியாயமான கேள்வி. அங்கே கணக்கருடைய கணக்கைப் பார்க்கவும் அந்தக் குழுவே வெளியாளை நியமிக்கிறது.

நம் பாராளுமன்றத்தின் கதையே வேடிக்கை. தன் சிப்பந்திகளைத் தானே நடத்திக்கொள்ள அதற்கு 1963-ல் சட்டம் இருந்தது. 1992-ல் அதை ரத்து செய்தார்கள். முப்பது வருஷங்களுக்கு மேல் கழித்து, 2025 மார்ச்சில்தான் மக்களவை மீண்டும் ஒரு மசோதாவை நிறைவேற்றியது. வீட்டுக்காரனே இத்தனை காலம் அடுத்தவனிடம் சாவி கேட்டுக்கொண்டிருந்தால், அவன் வைக்கும் காவலாளியின் கதி என்ன?

பணக் கயிறு ஒன்றுதான் கயிறு என்று நாம் சொல்லவில்லை. 1எம்டிபி பற்றிய கணக்காய்வு அறிக்கையை 2016-ல் அரசாங்க இரகசியமென்று பூட்டினார்கள். ஆட்சி மாறி 2018 மே மாதந்தான் அது வெளியே வந்தது. பூட்டை உடைக்க வேறு சட்டம் வேண்டும். பணக் கயிற்றை அவிழ்க்கவோ வழி தெரிந்தே இருக்கிறது.

கணக்காய்வு இலாகாவின் செலவை நிதியமைச்சு அல்ல, எல்லாக் கட்சியினரும் உள்ள பாராளுமன்றக் குழுவே பரிசீலிக்க வேண்டுமென்று தீர்மானம் எழுதியிருக்கிறோம். நகல் வாசல் மேசையில் இருக்கிறது. படித்துப் பார்த்து, சம்மதமானால் கையெழுத்திட்டுச் செல்லுங்கள். நம் தொகுதிப் பாராளுமன்ற உறுப்பினருக்கு இந்த வாரமே அனுப்புகிறோம்.