ஆம்பூர் பிரியாணியில் கறி எங்கே?

ஆம்பூர் பிரியாணிக்கு ருசி கறியாலா, மசாலாவாலா? ஒருமுறை கறியில்லாமல் செய்து பாருங்கள், தெரிந்துவிடும்.

சீரகச் சம்பா, ஊறவைத்து அரைத்த காய்ந்த மிளகாய், தக்காளி, புதினா எல்லாம் அப்படியே இருக்கட்டும். கறிக்குப் பதில் மீல்மேக்கர். சோயாவில் எண்ணெய் எடுத்தபின் மிஞ்சும் மாவில் செய்வது. காய்ந்த எடையில் ஏறக்குறைய பாதி புரதம். வெந்நீரில் ஊறப்போட்டு ஒட்டப் பிழியுங்கள். அப்போதுதான் மசாலா உள்ளே இறங்கும். கறியோடு தயிரும் வேண்டாமென்றால், அதற்குப் பதில் தேங்காய்ப்பால், கொஞ்சம் எலுமிச்சைச் சாறு.

தொட்டுக்கொள்ளும் கத்தரிக்காயில் எதையும் மாற்ற வேண்டாம். புளி, எள், வேர்க்கடலை எல்லாம் செடியும் மரமும் தந்தவைதானே! வேலூர் முள்ளுக் கத்தரிக்காய்க்கு 2023-இல் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது.

"துண்டு எங்கே?" என்று தேடுகிறவர் இலையில் இன்னொரு கரண்டி கத்தரிக்காய் வையுங்கள். அப்புறம் பேச்சே வராது!