பசித்தவரிடம் ஊர் கேட்காதீர்!

(விளாங்குடியில் ஆலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



பத்திரிகையைப் பிரித்தால் யுத்தம், பஞ்சம், குழந்தைகளின் பிணம். காசாவில் 2023 அக்டோபருக்குப் பின் பல்லாயிரம் ஜனங்கள் குண்டுக்குப் பலியானார்கள். படித்ததும் “ஐயோ பாவம்” என்கிறோம். ஆலைச் சங்கு ஊதுகிறது, மறந்துவிடுகிறோம். சில தோழர்கள் நேராகவே கேட்கிறார்கள்: “நம் வீட்டு அடுப்பே எரியவில்லை, ஊரார் துன்பம் நமக்கெதற்கு?” இது வயிறெரிந்து கேட்கும் கேள்வி. இதை ஏளனம் செய்யக் கூடாது. பதில் சொல்ல வேண்டும்.

2022-ல் இலங்கை விஷயத்தில் இதைவிடக் கடுமையான கேள்வி எழுந்தது. அந்நியச் செலாவணி தீர்ந்து அந்த நாடு திவாலாயிற்று. மண்ணெண்ணெய்க்கும் காஸுக்கும் ஜனங்கள் இரவு பகலாக வரிசையில் நின்றார்கள். நின்ற இடத்திலேயே விழுந்து செத்தவர்களும் உண்டு. ஆஸ்பத்திரிகளில் மருந்தில்லை. ஏப்ரல் 29-ல் தமிழ்நாடு சட்டமன்றம் ஏகமனதாக ஒரு தீர்மானம் போட்டது. 40,000 டன் அரிசியும், 500 டன் பால் பவுடரும், மருந்துகளும் அனுப்ப மத்திய சர்க்கார் அனுமதிக்க வேண்டும் என்றது. தமிழருக்கு மட்டுமல்ல, இலங்கை மக்கள் அனைவருக்கும்!

“சிங்களவருக்கா அரிசி? 2009-ல் முள்ளிவாய்க்காலில் நம் ஜனங்களைக் கொன்று குவித்த நாட்டுக்கா? நம் மீனவரைச் சுட்ட நாட்டுக்கா?” என்று கேட்டவர்கள் உண்டு. அந்த ஆத்திரத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் தோழர்களே, ஆத்திரம் ஆள் மாறிப் பாயக் கூடாது! கொல்ல உத்தரவிட்டவர்கள் மாளிகையில் இருந்தார்கள். மண்ணெண்ணெய் வரிசையில் நின்றவள் கூலிக்காரி.

முதல் கப்பல் சென்னையிலிருந்து புறப்பட்ட நாள் 2022 மே 18. அது முள்ளிவாய்க்கால் நினைவு நாள்! அதே நாளில் கொழும்பு காலிமுகத்திடலில் என்ன நடந்தது? ஆட்சியாளரை விரட்டக் கூடாரம் அடித்துக் கிடந்த போராட்டக்காரர்கள், சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் சேர்ந்து, முள்ளிவாய்க்காலில் மாண்டவர்களுக்கு அஞ்சலி செலுத்தினார்கள். அங்கே சிக்கிய ஜனங்கள் கடைசி நாட்களில் குடித்த கஞ்சியைக் காய்ச்சிப் பகிர்ந்து குடித்தார்கள். யுத்த வெற்றிக்கு ராணுவ அணிவகுப்பு நடந்த திடலும் அதுதான்!

சிங்களவர் எல்லாரும் மாறிவிட்டார்கள் என்று நாம் சொல்லவில்லை. மாண்டவர்களுக்கு நியாயம் கேட்பதை அரிசி அனுப்பியதால் கைவிட்டுவிட்டோம் என்றும் அர்த்தமில்லை. பசித்த ஜனங்கள் அழுத ஜனங்களை அடையாளம் கண்டுகொண்டார்கள். இந்த வழி புதிதல்ல. மதுரை, ராமநாதபுரம், திருச்சி ஜில்லாக்களிலிருந்து தேயிலைத் தோட்டங்களுக்குப் போன நம் கூலி ஜனங்களின் பிரஜா உரிமையை 1948-ல் இலங்கை சர்க்கார் பறித்தது. கொழும்பு பார்லிமென்டில் அதை எதிர்த்தவர்களில் சிங்கள இடதுசாரிகளும் உண்டு. பின்னாளில் அவர்களில் பலர் தடம் மாறியது மெய். அன்று நின்றதும் மெய்.

இனி, “நம் அடுப்பே எரியவில்லையே” என்ற கேள்விக்கு வருவோம். இதற்கு ஆலைத் தொழிலாளரே பதில் சொல்லியிருக்கிறார்கள். அமெரிக்க உள்நாட்டு யுத்தத்தில், அடிமைகள் விளைவித்த தெற்கத்திப் பஞ்சை வடக்குக் கடற்படை மறித்தது. இங்கிலாந்தில் லங்காஷயர் ஆலைகள் நின்றன. லட்சக்கணக்கான ஜனங்கள் பட்டினி. ஆனாலும் 1862 டிசம்பர் 31-ல் மான்செஸ்டர் தொழிலாளர் கூட்டம் கூடி, அடிமைமுறை ஒழிய வேண்டுமென்று ஜனாதிபதி லிங்கனுக்குக் கடிதம் எழுதியது. அடுத்த மாதமே லிங்கன் நன்றி கூறிப் பதில் எழுதினார். அமெரிக்காவிலிருந்து அவர்களுக்கு உணவுக் கப்பலும் வந்தது. வயிறு காய்ந்தவர்கள்தான் விலங்கிட்டவர்களுக்காகப் பேசினார்கள்!

ஆகவே, இரக்கம் பெருமூச்சல்ல; அது வேலை. உலகச் செய்தியை டீக்கடையில் படித்துக் காட்டுங்கள். இந்த யுத்தத்தில் குண்டு விற்று லாபம் அடிப்பவன் யார் என்று கேளுங்கள். சங்கத்தில் தீர்மானம் போடுங்கள். முடிந்தவர்கள் கைப்பிடி அரிசி கொடுங்கள். முடியாதவர்கள் குரல் கொடுங்கள். காசாவுக்குக் கண்ணீர் விட்டுவிட்டு, நம் ஊரிலே சேரி ஜனங்களுக்குத் தனிக் குவளை வைத்தால், அந்தக் கண்ணீர் பொய்!

துன்பப்படுபவன் எந்த ஜாதி, எந்த மதம், எந்த நாடு என்று கேட்பது சுரண்டுகிறவன் நமக்குக் கற்றுக்கொடுத்த பழக்கம். அதை விட்டொழிப்போம், தோழர்களே!