மண் மீளும், மனிதர் மீள்வரோ?



நெய்வேலியில் 1957-இல் சுரங்கப்பணி தொடங்கியது. 1961-இல் பழுப்பு நிலக்கரி வெளிப்பட்டது. வாளிகள் பொருத்திய பெருஞ்சக்கர எந்திரங்கள் மேலுள்ள மண்ணை அகழ்கின்றன. கரி எடுத்த பள்ளத்தை அம்மண்ணாலேயே நிரப்புகின்றனர். ஆனால், ஆழத்திலிருந்து வந்த மண்ணில் வளமில்லை. தொழுவுரமும் பசுந்தாளுரமும் இட்டுப் பண்படுத்தினாலன்றி அது விளைநிலமாகாது.

அவ்வாறு நிலம் மீளலாம். அதில் உழைத்தவர் மீள்வரோ? பட்டாதாரருக்கு இழப்பீடு உண்டு. பட்டா இல்லாத நம் கூலி உழவர்க்கு? 2013-ஆம் ஆண்டின் நிலமெடுப்புச் சட்டம், நிலம் எடுக்கப்படுவதற்கு முன் மூன்றாண்டுகள் அங்கு உழைத்துப் பிழைத்த வேளாண் தொழிலாளர் குடும்பத்தையும் பாதிக்கப்பட்ட குடும்பமாக ஏற்கிறது. அதனை மெய்ப்பிக்கச் சான்று வேண்டும்.

இளைஞர்களே! நம் பெற்றோர் எவர் நிலத்தில், எத்தனை ஆண்டுகள் உழைத்தனர் என்பதை இன்றே எழுதி வையுங்கள். நாம் கற்ற கல்விக்கு அதுவே முதற்பயன்.